ஆழ்கடல் படகுகளுக்கு ஒரு மருத்துவரின் குரல் வேண்டும்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறைக்கும், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத்துறைக்கும்,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு செவிலியர். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை நெருக்கியடித்துக் கிடக்கும் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறார். கொச்சியிலோ மங்களூரிலோ டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஒரு மாதம், சில நேரம் நாற்பது நாளுக்கு மேலும் ஆகும் திரும்பி வர. லட்சத்தீவுக்கு அப்பால், மாலத்தீவைத் தாண்டி, ஓமன் பக்கம் என்று சுறாவையும் சூரையையும் தேடிப் போகிறார்கள். ஒரு படகில் பத்திலிருந்து பதினைந்து பேர். இப்போது அஸ்ஸாம், ஒடிசா பிள்ளைகளும் நிறைய. இத்தனை பேரில் மருத்துவம் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

அதனால்தான் என் கைபேசிக்கு இரவில் அழைப்பு வருகிறது. ஊரில் ஒரு செவிலியர் இருக்கிறாள் என்றால் கடலில் இருப்பவர்களுக்கும் அவள்தான் ஆஸ்பத்திரி. சாட்டிலைட் போன் வைத்திருக்கும் படகு என்றால் நேரே பேசுவார்கள். இல்லாவிட்டால் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்குச் சொல்லி, அவர்கள் வழியாக எனக்கு வந்து சேரும்.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். தூண்டில் இழுக்கும்போது ஒரு பையனுக்குக் கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் கொக்கி ஏறிவிட்டது. படகிலேயே குறடு வைத்து எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் எனக்குச் சேதி வந்தது: கை வீங்கிவிட்டது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோடு என்றால் கிருமித்தொற்று கையில் மேலே பரவுகிறது என்று மருத்துவமனையில் வேலை செய்யும் யாருக்கும் தெரியும். விரல் மடங்குகிறதா, குளிர்காய்ச்சல் இருக்கிறதா, சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டேன். கேள்வி ஒரு படகைத் தாண்டிப் போய், பதில் அதே வழியில் திரும்பி வந்தது. மூன்று கேள்விக்கு ஒரு பதில்தான் வந்தது. படகில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டால், பாதி அட்டை பாராசிட்டமால், ஒரு பெட்டாடின் பாட்டில், யாரோ முன்பு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரை கொஞ்சம். அந்த மாத்திரையில் பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோயிருந்தது.

ஆன்டிபயாடிக் எது, எத்தனை வேளை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தெரிந்த மருத்துவர் ஒருவரை எழுப்பிக் கேட்டு முடிப்பதற்குள் தொடர்பு போய்விட்டது. கையை உயர்த்தி வை, கரைக்குத் திருப்பு என்று நான் முதலில் சொன்னது மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பையன் பிழைத்தான். கட்டைவிரல் இன்றுவரை மடங்கவில்லை. தூண்டில் தொழிலாளிக்கு அந்த விரல் இல்லையென்றால் பாதிக் கூலி இல்லை.

திருப்பு என்று நான் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்ய வேண்டியது படகை ஓட்டும் டிரைவர். 300 கடல் மைல் தள்ளி நிற்கும் படகு மணிக்கு ஏழு, எட்டு மைல் வேகத்தில் வந்தால் கரை சேர நாற்பது மணி நேரம் ஆகும். போட்ட டீசல், ஐஸ், இரை எல்லாம் கடன். வெறுங்கையோடு திரும்பினால் பங்கும் இல்லை, கடனும் நிற்கும். சாதாரண வாயுத்தொல்லைக்குத் திரும்பிவிட்டால் முதலாளிக்கும் கூட இருப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாரடைப்பை வாயுத்தொல்லை என்று நினைத்து இருந்துவிட்டால் அந்த மனிதனின் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். படித்த மருத்துவரே ஈசிஜி பார்க்காமல் சொல்லத் தயங்குகிற முடிவை, நடுக்கடலில் ஒரு டிரைவரின் தலையில் வைத்திருக்கிறோம். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். ஒரு மருத்துவர் "திருப்புங்கள்" என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்காது. "பரவாயில்லை, இந்த மாத்திரையைக் கொடுங்கள், காலையில் மறுபடி பேசுங்கள்" என்று சொன்னாலும் படகில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆபத்து என்றால் உதவிக்கு வழி இருக்கிறது, மறுக்கவில்லை. கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண் இருக்கிறது. உயிருக்குப் போராடுகிறவர்களைக் கடலிலிருந்து தூக்கிவந்து காப்பாற்றியிருக்கிறார்கள், அதற்கு எங்கள் ஊர்கள் நன்றியோடு இருக்கின்றன. ஆனால் 500 மைலுக்கு அப்பால் கரையிலிருந்து ஹெலிகாப்டர் எட்டாது. தவிர, மூன்று நாள் காய்ச்சலுக்கோ கொக்கிக் காயத்துக்கோ யாரும் ஆபத்துப் பொத்தானை அமுக்குவதில்லை. அந்தக் காயம் முற்றிய பிறகு அமுக்குகிறார்கள். ஒன்றுமில்லை என்பதற்கும் உயிர்போகிறது என்பதற்கும் நடுவில் எங்களுக்கு எதுவுமே இல்லை.

சரக்குக் கப்பலில் வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த நடுவழி உண்டு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த நாட்டுக் கொடியுள்ள கப்பலாக இருந்தாலும் வானொலி அல்லது செயற்கைக்கோள் வழியாக 24 மணி நேரமும் இலவச மருத்துவ ஆலோசனை கிடைக்க அரசுகள் ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. மீன்பிடிப் படகுகள் அதில் சேராது. மீன்பிடித் தொழிலாளர்களுக்கென்று 2007இல் வந்த உடன்படிக்கையும் இதே ஆலோசனை வசதியைக் கேட்கிறது. அதை இந்தியா ஏற்கவில்லை. இத்தாலியில் 1935இலிருந்து ரோம் நகரில் ஒரு மையம் கப்பல்களுக்கு இலவசமாக வைத்தியம் சொல்லிவருகிறது. பிரான்சில் துலூஸ் நகர மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர்கள் கடலில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்கிறார்கள். துலூஸில் கடலே கிடையாது. டென்மார்க்கில் கப்பலின் மருந்துப் பெட்டியில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண் உண்டு. கரையில் இருக்கும் மருத்துவர் எண்ணைச் சொன்னால் போதும், எடுப்பவர் பெயர் படிக்கத் தடுமாற வேண்டியதில்லை. எங்கள் படகுகளில் தமிழ் மட்டும் தெரிந்தவரும் அஸ்ஸாமி மட்டும் தெரிந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இந்த எண் முறை எங்களுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய கட்டடம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில், இரவும் பகலும் தமிழும் மலையாளமும் பேசும் ஒரு மருத்துவர் எடுக்கும் தொலைபேசி. அவருக்கு முன்னால் ஒவ்வொரு படகிலும் இருக்கும் மருந்துப் பட்டியல். படகில் எண் போட்ட, ஈரம் புகாத ஒரு மருந்துப் பெட்டி. அதில் நெஞ்சுவலிக்கு மென்று விழுங்கும் ஆஸ்பிரினிலிருந்து தையல் சாமான் வரை. அதைத் திறந்து கையாளப் பயிற்சி பெற்ற இரண்டு பேர். ஒருவர் போதாது, காயம்பட்டவரே அவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

தொடர்புக்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மத்திய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்த இருவழிக் கருவிகளைக் கொடுக்கிறார்கள். அதில் குறுஞ்செய்தி போகும், வரும். நெஞ்சுவலி, காயம், காய்ச்சல், விஷக்கடி என்று முன்கூட்டியே எழுதிவைத்த நாலைந்து செய்திகளை அதில் ஏற்றி, அவை மருத்துவர் மேசைக்கே போகும்படி செய்ய இஸ்ரோவோடும் மத்திய அரசோடும் நீங்கள் பேச வேண்டும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் எழுத்து, குரல், காணொளி மூன்றையும் ஏற்கிறது. எந்த மருந்தை எந்த வழியில் சொல்லலாம் என்று அதில் வரம்புகள் உண்டு. கடலுக்கென்று தனி ஆணை வேண்டும் என்றால் அதையும் வாங்கித் தாருங்கள்.

இரண்டு துறைகளும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் இது நடக்கும். படகு மீன்வளத்துறையுடையது, நோயாளி நல்வாழ்வுத்துறையுடையவர் என்று பிரித்துப் பார்த்ததில்தான் இத்தனை வருடம் போயிருக்கிறது.

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1இலிருந்து ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் எங்கள் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். தேங்காய்ப்பட்டணத்திலோ எங்கள் ஊர்க் கோயில் வளாகங்களிலோ பயிற்சி வைத்தால் வருவார்கள், ஆள் திரட்ட நாங்கள் இருக்கிறோம். வரும் தடைக்காலத்திலேயே சில படகுகளிலாவது தொடங்குங்கள். எந்தெந்தப் படகு என்று பட்டியல் கேட்டால் எங்கள் ஊர்ச் சங்கங்கள் ஒரே வாரத்தில் தந்துவிடும்.

இப்படிக்கு,
தூத்தூர் வட்டாரத்துச் செவிலியர் ஒருவர்