மாலுவுக்கு, முதலில் தூக்கம்

அன்புள்ள மாலு,

பதில் தாமதம்தான். திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். சுந்தரி இன்னும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்; கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறது.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்து, பாப்பாவைக் கிளப்பி, சமைத்து, துணி துவைத்து, 11 மணிக்குப் படுத்தால் 1 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். அடி அலாரம் மகாராணி, வராமல் என்ன செய்யும்? விடியற்காலை 4, 5 மணி வாக்கில்தான் உடம்புச் சூடு மிகக் குறைவு. அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்து மாலை வரை ஏறும். கண்ணில் வெளிச்சம் பட்டதும், தூக்கத்துக்கு நேரம் சொல்லும் மெலடோனின் சுரப்பும் அடங்கிவிடும். செத்த பிணமாக வீட்டுக்கு வந்தவளுக்கு 9 மணிக்குத் திடீரென்று தெம்பு வருகிறதே, அது இந்த உடம்புக் கடிகாரம் தருகிற ஏமாற்றுத் தெம்பு. அதை நம்பித் துணியை ஊறவைத்தாயோ, போச்சு. 11 மணிக்கு நீ படுக்கும்போது உடம்பு பகலுக்குத் தயாராகி நிற்கிறது. களைப்பு கொஞ்சம் தணிந்ததும் தட்டி எழுப்பிவிடும்.

அதனால் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை டியூட்டி என்றால், காலை 8 மணிக்குள் படுக்கை. பாப்பாவோடு கால் மணி நேரம் போதும். பள்ளிக்கு அழைத்துப்போவது உன் வீட்டுக்காரர் பாடு. 8 முதல் 1 வரை பெரிய தூக்கம். சாயங்காலம் 7 முதல் 8.30 வரை இன்னொன்று. எழுந்ததும் மந்தமாக இருக்கும், அரை மணி நேரம் விட்டுத்தான் கிளம்ப வேண்டும். நடுவில் குழந்தை வீடு திரும்பியது முதல் 7 மணி வரை நீ முழுசாக அவளுடையவள். பகல் வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறவர்களுக்கு இவ்வளவு கிடைப்பதில்லை. குழந்தைக்கு நேரம் வேண்டும் என்று காலைத் தூக்கத்தை வெட்டினால் சாயங்காலம் அவளுக்குக் கிடைப்பது எரிந்து விழுகிற அம்மாதான்.

திரும்பும்போது வெயில் கண்ணாடி போட்டுக்கொள், ஓட்டுவது நீயாக இல்லாவிட்டால். அறையில் கனமான திரை வேண்டும்; ஓரத்தில் கசியும் கீற்றையும் அடை, முடியாவிட்டால் கண்பட்டை. மின்விசிறி இரைச்சல் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும். போனில் பள்ளியும் வீட்டுக்காரரும் மட்டும் ஒலிக்கட்டும். காபி ராத்திரி 2 மணிக்கு மேல் வேண்டாம்: 5 மணி நேரம் கழித்தும் அதில் ஏறக்குறையப் பாதி உடம்பில் இருக்கும். நடு ராத்திரியில் வயிறு முட்டச் சாப்பிடாதே, அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. பெரிய சாப்பாட்டை டியூட்டிக்கு முன்பே முடி.

மாமியார் விஷயம். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று பகல் 10 மணிக்கு எழுப்புகிறாரா? ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு அவரை எழுப்பி, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேள். (கேட்காதே. ஆனால் வீட்டுக்காரரை விட்டு இதே கணக்கைச் சொல்லச் சொல்.)

இப்போது விளையாட்டு இல்லை, மாலு. நீ ஸ்கூட்டரில் திரும்புவதாக எழுதியிருக்கிறாய். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதுக்குச் சமம் என்று 1997-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பல நாடுகளில் அதுவே வண்டி ஓட்டுவதற்கான எல்லை. மதியம் 1 மணிக்கு முழித்தவள் காலை 6 மணிக்கு வண்டியை எடுத்தால் கணக்கு சரியாக 17. முதல் நைட் இன்னும் மோசம். காலையில் எழுந்து பகலில் படுக்காமலே போனால் திரும்பும்போது ஏறக்குறைய ஒரு முழு நாள் விழிப்பு. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் அணைந்துவிடும், அணைந்தது உனக்கே தெரியாது. முகத்தில் காற்றடிப்பதும் பாட்டுக் கேட்பதும் இதற்குப் பிரயோஜனமில்லை. கிளம்புமுன் அங்கேயே 20 நிமிடம் கண்ணயர்ந்து, தெளிந்தபின் எடு. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் பாதியில் எழுந்து இன்னும் மந்தமாவாய். அதைவிட, முதல் நைட்டுக்கும் கடைசி நைட்டுக்கும் வண்டியே எடுக்காதே. பேருந்தோ, யாராவது வந்து அழைத்துப்போவதோ.

கடைசி நைட் முடிந்த அன்று மட்டும் 11 மணிக்கே எழுந்துவிடு, அன்று ராத்திரி வீட்டோடு சேர்ந்து தூங்கலாம். நடுவில் ஒரே ஒரு நாள் லீவு என்றால் முழுசாகத் திரும்பாதே, 2 அல்லது 3 மணிக்குப் படுத்துக் காலை 10-க்கு எழு. உடம்புக்கு அது நல்லது, வீட்டுக்குப் பிடிக்காது. அதை முன்கூட்டியே சொல்லிவிடு.

மேலதிகாரியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஷிப்ட் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றட்டும். பெரும்பாலானோரின் உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம், அதனால் தள்ளிப் படுப்பது சுலபம், முந்திப் படுப்பது கஷ்டம். தொடர்ச்சியாக மூன்று நைட்டுக்கு மேல் போட்டால் மறுத்துப் பார்.

இவ்வளவு செய்தும் லீவு நாளில்கூடத் தூக்கம் வரவில்லையென்றால் டாக்டரிடம் போ. மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே.

அடுத்த மாத ரோஸ்டர் வந்ததும் அனுப்பு. பாப்பாவின் பள்ளி நாட்களையும் பக்கத்தில் எழுதி வை, சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். சுந்தரிக்கு ஒரு வரி எழுதிவிடு, என் காது புண்ணாகிவிட்டது.

அன்புடன்,
வசந்தி