கையெழுத்து வாங்காதே

அன்புள்ள மகளுக்கு,

லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட்லேக் பகுதியில், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்களைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாக எழுதியிருந்தாய். கோட்பாடெல்லாம் உன் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். எனக்குக் கவலை உன் நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான். உன்னிடம் பேசப்போகிறவர்களில் பலருக்கு விசா இருக்காது. அவர்களுடைய பெயரும் முகவரியும் உன் பையில் இருப்பதே அவர்களுக்கு ஆபத்து.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் வழக்கமான சம்மதப் படிவத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கும். ஆளையும் ஆய்வையும் இணைக்கும் ஒரே பதிவு அந்தத் தாள்தான், ரகசியம் வெளியாவதுதான் முக்கிய ஆபத்து என்று நீ காட்டினால், கையெழுத்து இல்லாமல் வாய்மொழிச் சம்மதம் வாங்க அங்குள்ள கூட்டாட்சி விதி இடம் தருகிறது. முதல் விண்ணப்பத்திலேயே அந்த விலக்கைக் கேட்டுவிடு. தகவல் தாளை எளிய ஸ்பானிஷில் எழுதி வாசித்துக் காட்டு. சம்மதித்த தேதியை ஒரு குறியீட்டு எண்ணுக்கு நேரே குறித்தால் போதும். ரகசியக் காப்புச் சான்றிதழ் கிடைக்குமா என்றும் விசாரி. சம்மன் வந்தாலும் பெயரைத் தர மறுக்க அது உதவும்.

"பேப்பர் இருக்கா?" என்று யாரிடமும் கேட்காதே. எந்த ஆண்டு வந்தார்கள், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் என்ன நடக்கிறது என்று கேள். மற்றது தானாக வரும். வந்தாலும் அதைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதாதே.

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அலுப்பில் ஏதாவது இலவச இணையதளத்தில் ஏற்றிவிடத் தோன்றும், வேண்டாம். எழுதி முடித்து நெறிமுறைக் குழு அனுமதித்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடு. டிசம்பரில் ஊருக்கு வரும்போது இந்தப் பதிவுகள் உள்ள மடிக்கணினி அங்கேயே இருக்கட்டும். திரும்பும்போது விமான நிலையத்தில் எல்லை அதிகாரிகள் வாரண்ட் இல்லாமலே அதைத் திறந்து பார்க்கலாம்.

பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "புபுசா (எல் சால்வடோர் அடைரொட்டி) கடைக்கு மேல் மூன்றாம் மாடி, இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய்" என்று எழுதினால் அந்தத் தெருவே அவளை அடையாளம் கண்டுகொள்ளும். உன் வாதத்துக்குத் தேவையில்லாத விவரத்தை எடுத்துவிடு.

ஒரே பாதிரியார் வழியாக ஆட்களைப் பிடித்தால் அவருடைய சபையைத்தான் படித்திருப்பாய். தேவாலயம், கூலியாட்கள் நிற்கும் முனை, குடியிருப்போர் சங்கம், இலவச மருத்துவமனை என்று குறைந்தது நான்கு வாசல்களிலிருந்து தொடங்கு. எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆண்டு ஆய்வு குடியுரிமையைக் கேட்கும், விசா நிலையைக் கேட்காது. ஆவணமற்றவர்களின் எண்ணிக்கை, வெளிநாட்டில் பிறந்தவர்களின் மொத்தத்திலிருந்து சட்டப்படி இருப்பவர்களைக் கழித்துப் பெறும் மதிப்பீடுதான். ஒரு தெருவுக்கு அது பொருந்தாது.

வேலை விஷயமும் சொல்லிவிடுகிறேன். கறுப்பின அமெரிக்கச் சமூகவியலாளர் டூ பாய்ஸ் 1896-97இல் பிலடெல்பியாவின் ஏழாம் வார்டில் வீடுவீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார். அத்தனை பெரிய வேலைக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. இன்றும் குடியிருப்போர் சங்கத்துக்கு நீ எழுதும் அறிக்கையைப் பல துறைகளில் ஆய்வாக அல்ல, 'சேவை' என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். நிரந்தரப் பதவிக்கான கோப்பு பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் போகும். களப்பணி செய்பவர்களிடம் அதற்குள் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகப் புத்தகத்தை எதிர்பார்ப்பார்கள். அதனால் ஒரே தரவிலிருந்து அறிக்கை, புத்தகம் இரண்டையும் எடு. ஆனால் சங்கத்துக்கு ஸ்பானிஷில் இரண்டு பக்கச் சுருக்கம் முதலில் போகட்டும். கட்டுரை மதிப்பாய்வு ஓர் ஆண்டுகூட இழுக்கும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போடும் வழக்கின் விசாரணைத் தேதி அதுவரை காத்திருக்காது.

அன்புடன்,
அம்மா