மகளிர் தினத்துக்கு என்ன பேசுவது?

கோத்தகிரி,
தை மாதக் கடைசி

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மதுரை வெயில் அதற்கு நல்லதுதான். இந்தக் குளிருக்குக் கூட்டி வந்துவிடாதே.

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தியே வந்துவிட்டது. உறைபனி ஆரம்பித்துவிட்டதால் உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நாற்றங்கால் பாத்தி பூராவையும் மிலார் செடியைப் போட்டு மூட வேண்டும். காலையில் அதை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊட்டிப் பூங்காவில் பூச்செடிகளுக்கும் இதே வைத்தியம்தான். ஒரு ராத்திரி அசந்தால் கன்று கருகிப் போகும். தேயிலைக்காரர்களும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பசுந்தேயிலை விலையைப் பற்றி நான் ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, விட்டுவிடுகிறேன்.

கல்லூரியில் மகளிர் தினத்துக்கு 'உலகைக் காக்கும் பெண்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், என்ன பேசட்டும் என்று கேட்டிருக்கிறாய். என்ன பேசக்கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணும் தாய், பூமியும் தாய், அதனால்தான் பெண்ணுக்குக் காட்டின் மேல் பாசம் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதே. கை தட்டுவார்கள், சால்வை போடுவார்கள், காபி குடித்துவிட்டுக் கலைவார்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் தினமும் நடப்பவள் அவள். ஊற்று வற்றினால் நடக்கிற தூரம் கூடுவது அவளுக்குத்தான். அதனால் காடு போவது முதலில் அவள் கண்ணில் படுகிறது. இதில் பாசத்தைவிடக் கால்வலிதான் அதிகம்.

கென்யாவின் வங்காரி மாத்தாயை எடுத்துக்கொள். 2004-இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார், ஆப்பிரிக்கப் பெண்களில் முதல் ஆள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவர் எங்கே ஆரம்பித்தார் என்பதை நீ சொல். கிராமத்துப் பெண்கள் அவரிடம் சொன்னது விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை என்பதுதான். விறகு இல்லாத வீட்டில் சீக்கிரம் வேகிற பண்டத்தைத்தான் சமைப்பார்கள், அதில் சத்து இருக்காது. சரி, மரம் நடலாமே என்றுதான் 1977-இல் பசுமை வளைய இயக்கம் தொடங்கியது. மரம் வளர்க்கப் படித்த வனத்துறை ஆள் வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்களாம். பெண்களோ காட்டு விதையைப் பொறுக்கி, உடைந்த சட்டிபானையில் முளைக்கப் போட்டார்கள். அப்புறம் பார், 5 கோடி மரத்துக்கு மேல் போய்விட்டது.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு ஒன்று. கன்று பிழைத்தால் அதற்கு ஒரு சின்னத் தொகை கையில் கொடுத்தார்கள். நட்ட கன்றுக்கு இல்லை, பிழைத்த கன்றுக்கு. இங்கே நடுவிழா முடிந்தால் கன்றின் கதையும் முடிந்தது. குழி, கன்று, போட்டோ, அவ்வளவுதான். அடுத்த கோடையில் அதே குழியில் அடுத்த கன்று வைக்கிறார்கள். போன வருஷம் எங்களிடம் கன்று எடுத்துப் போன ஒரு திட்டத்துக்காரர்கள் இன்னும் பணம் தரவில்லை. கேட்டால், 'சேவைதானே அம்மா செய்கிறீர்கள்' என்கிறார்கள். அவர்களுடைய ஜீப் டிரைவர் சேவையாகவா ஓட்டுகிறார்?

எங்கள் பெண்கள் குழுவின் நாற்றங்கால் வேலையை நீ நேரில் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் எழுதுகிறேன். சோலை என்றால் இந்த மலையின் பழைய இயற்கைக் காடு. சோலை மரத்து விதையைச் சேர்த்து வைக்க முடியாது. காட்டு நாவல் உதிர்கிற நேரத்தில் போய்ப் பொறுக்கி, மணலில் போட்டுத் தேய்த்துச் சதையைக் கழற்றி, ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டும். காய்ந்தால் செத்தது. சீகை விதைக்கு நேர் எதிர்க் குணம். (சீகை என்று இங்கே சொல்வது வாட்டில் மரத்தை, தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய் இல்லை.) ஓடு கெட்டி, மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினாலோ தீ வைத்தாலோ, இதற்காகவே காத்திருந்த மாதிரி கம்பளம் விரித்து முளைக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மரம் அது. சுதந்திரத்துக்கு அப்புறமும் தோல் பதனிடுகிற பட்டைக்காகப் புல்வெளி புல்வெளியாக நட்டார்கள். தோடர் கோயில் கூரைக்குப் புல் தருகிற சதுப்பும் அதோடு சுருங்கியது. இப்போது பெரிய மரத்தை இயந்திரம் வைத்து வெட்டிவிடலாம். வெட்டிய இடத்தில் வருஷா வருஷம் முளைக்கிற குட்டிச் சீகையை மழை பெய்த மறுநாள், மண் இளகி இருக்கும்போது, வேரோடு பிடுங்கக் கைதான் வேண்டும். அந்தக் கை யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. (பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டத்தில் நாங்களே கன்றைப் பிளாஸ்டிக் கவரில்தான் வளர்க்கிறோம். கேட்கிற மாணவி யாராவது இருந்தால் கேட்கட்டும், நியாயமான கேள்விதான்.)

இமயமலை ஊர்களில் மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்டைத் தடுத்த சிப்கோ இயக்கத்தை நீ எப்படியும் சொல்வாய். சொல்லும்போது ரெய்ணி கிராமத்தில் அன்று ஆண்கள் ஏன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல். 1974 மார்ச் 26. நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று சொல்லி ஆண்களைச் சமோலிக்கு வரவழைத்துவிட்டு, அந்த நேரம் பார்த்து மரம் வெட்ட ஆள் அனுப்பினார்கள். ஊரில் பெண்கள்தானே இருக்கிறார்கள் என்ற கணக்கு. கௌரா தேவி இருபத்தேழு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மறித்து நின்றார். பிறகு அங்கே பத்து வருஷத்துக்கு வெட்டுக்குத் தடை வந்தது. இதோடு நிறுத்தினால் சுபம். ஆனால் 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி வெள்ளம் வந்தது அதே ரெய்ணியில்தான். பக்கத்திலிருந்த ரிஷிகங்கா மின் திட்டமே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பள்ளத்தாக்கில் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக இருநூறு பேருக்கு மேல். மரத்தைக் காப்பாற்றிய ஊருக்கு, ஆற்றில் என்ன கட்டுவது என்பதில் எவ்வளவு பேச்சு இருந்தது என்று மாணவிகளிடம் கேட்டுப் பார்.

அசாமின் பூர்ணிமா தேவி பர்மன் கதை கேட்கச் சிரிப்பாகவும் இருக்கும். பெருநாரை என்று ஒரு பறவை, அங்கே ஹர்கிலா என்பார்கள். வழுக்கைத் தலை, செத்ததைத் தின்னும், கூட்டுக்குக் கீழே நாற்றம் குடலைப் பிடுங்கும். அபசகுனம் என்று கூடு இருந்த மரத்தையே வெட்டினார்கள். இவர் ஊர்ப் பெண்களைச் சேர்த்து, குஞ்சு பொரிக்கிற காலத்தில் அந்தப் பறவைக்கு வளைகாப்பு மாதிரி விழா எடுத்தார். பறவையின் உருவத்தைப் புடவையில் நெய்து விற்க வைத்தார். இன்று அந்த 'ஹர்கிலா படை'யில் 10,000 பெண்களுக்கு மேல் இருக்கிறார்கள். 2022-இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருது வந்தது. இங்கேயும் பார், தறி இருக்கிறது, வருமானம் இருக்கிறது. வெறும் அறிவுரையால் நின்ற மரம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

எல்லாம் விருதில் முடிவதில்லை என்பதையும் மறைக்காதே. ஹோண்டுராஸில் தங்கள் ஆற்றில் அணை வேண்டாம் என்று லென்கா பழங்குடி மக்களோடு நின்ற பெர்த்தா காசெரெஸுக்கு 2015-இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கொடுத்தார்கள். அடுத்த மார்ச்சில் அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள்.

கடைசியாக, கொஞ்சம் வறட்சியான விஷயம். அதற்கு நீ அதிக நேரம் எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் கிராம வனக் குழுக்களை ஆராய்ந்தார். நிர்வாகக் குழுவில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் காடு நன்றாகத் தேறியிருந்தது. ஒருத்தி இரண்டு பேர் இருந்தால் வாய் திறப்பதில்லை, கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று ஆன பிறகுதான் பேசுகிறார்கள் என்றும் கண்டார். நம் 2006 வன உரிமைச் சட்டம் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்க வேண்டும். கிராம சபையில் வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இல்லையென்றால் அந்தக் கூட்டம் செல்லாது.

தாளில் இப்படி. நேரில் எப்படி என்றால், எங்கள் குழுவில் மூத்த பாட்டி ஒருவர் இருக்கிறார், இருளர். எந்தச் சோலையில் எந்த மரம் எப்போது காய்க்கும் என்று அவரைக் கேட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம். போன கிராம சபைக் கூட்டத்துக்கு அவரைக் காரில் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்ததும் என்ன பேசினீர்கள் பாட்டி என்று கேட்டேன். "கையெழுத்துப் போட்டேன், பிஸ்கட் குடுத்தாங்க" என்றார். அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகமாட்டாராம். ஏழெட்டுப் பேராகப் போவது என்று முடிவாகியிருக்கிறது. எல்லோரையும் ஏற்றுகிற அளவுக்கு வண்டி அனுப்பினால்தான் வருவோம் என்று சொல்லி அனுப்பியாயிற்று.

பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புடி. சாயங்காலம் பாத்தியை மூடிய பிறகு எங்கள் குழுப் பெண்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். எதை அடிக்கச் சொல்கிறார்களோ அதை மரியாதையாக அடித்துவிடு. மேடையில் சால்வை போட்டால் இங்கே அனுப்பு, பனிக்கு ஆகும்.

உன்,
விஜயா