கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் சிறுநீர்ப் பாதைத் தொற்று: நாங்கள் ஏன் விளக்கம் கேட்கிறோம்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் பில்லிங் அலுவலர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு நீங்கள் அனுப்பும் கிளெய்ம்களுக்கு (சிகிச்சைச் செலவுக் கோரிக்கைகளுக்கு) நோய்க் குறியீடு இடும் பணியில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சிறுநீர்த் தொற்றுக்காக வந்த பெண்களின் மருத்துவக் குறிப்புகளை அடிக்கடி உங்களிடமே திருப்பி அனுப்பி விளக்கம் கேட்கிறோம். "யூடிஐ (சிறுநீர்ப் பாதைத் தொற்று) என்று தெளிவாகத்தானே எழுதியிருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான், அதற்கான பதிலாகவே இம்மடலை எழுதுகிறோம்.

கர்ப்பமில்லாத ஒருவருக்குத் தொற்றின் இடம் குறிப்பிடப்படாதபோது என்39.0 என்ற குறியீடே போதும். கருவுற்றவருக்கு அது பொருந்தாது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையிலுள்ள ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் 15ஆம் அத்தியாயம் கர்ப்பம், பிரசவம், பேறுகாலம் ஆகியவற்றுக்கு உரியது. அதிலுள்ள குறியீடுகளுக்கு மற்ற அத்தியாயங்களின் குறியீடுகளைவிட முன்னுரிமை உண்டு. வந்த நோய்க்கும் கர்ப்பத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவரே எழுதினால் மட்டும் 15ஆம் அத்தியாயத்தை விட்டு, கர்ப்பம் தற்செயலாக உடனிருப்பதைக் காட்டும் இசட்33.1 என்ற குறியீட்டைச் சேர்க்கலாம். அதைக் குறியீட்டாளர் ஊகித்துக்கொள்ள விதி இடமளிப்பதில்லை. சிகிச்சையின்றி விட்டால் சிறுநீரகம்வரை ஏறக்கூடிய ஒரு தொற்றை, கர்ப்பத்தோடு தொடர்பற்றது என்று எழுத மருத்துவர்கள் பெரும்பாலும் முன்வர மாட்டார்கள் என்பதே எங்கள் எண்ணம்.

ஆகவே நாம் வந்து சேரும் இடம் ஓ23 என்ற பிரிவு. (முதலில் நிற்பது ஆங்கில எழுத்து, அதைச் சுழியமாகத் தட்டச்சு செய்துவிட்டால் கிளெய்ம் உடனே திரும்பிவிடும்.) இப்பிரிவு தொற்று எங்கே உள்ளது என்பதைப் பொறுத்துக் கிளைக்கிறது: சிறுநீரகம் என்றால் ஓ23.0, சிறுநீர்ப்பை என்றால் ஓ23.1, சிறுநீர் வெளியேறும் குழாய் என்றால் ஓ23.2. வெறுமனே "யூடிஐ" என்று எழுதினால் எங்களால் ஓ23.4க்கு மேல் போக முடியாது. இறுதியில் வரும் இலக்கம் மும்மாதக் கட்டத்தைக் காட்டும் என்பதால், முதல் கட்டத்தில் இடம் குறிக்கப்படாத தொற்று ஓ23.41 ஆகிறது, சிறுநீர்ப்பை அழற்சி என்று எழுதியிருந்தால் அதுவே ஓ23.11, பைலோநெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகத் தொற்று) என்றால் ஓ23.01. காய்ச்சலோடும் விலாப்புற வலியோடும் வந்து, ஊசி வழியாக மருந்து பெற்ற ஒரு பெண்ணின் கிளெய்மில் ஓ23.41 மட்டும் இருந்தால், அளித்த சிகிச்சையின் தீவிரத்தை அந்தக் குறியீடு தாங்கி நிற்காது. நாங்கள் அதிகம் கேள்வி எழுப்புவது இங்கேதான்.

அடுத்தது வாரக் கணக்கு. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி, 14 வாரம் நிறைவதற்கு முந்தைய நாள் வரை, அதாவது 13 வாரம் 6 நாள் வரை, முதல் கட்டம். 13 வாரம் 5 நாளில் கிளினிக்குக்கு வந்தவரின் கல்ச்சர் (சிறுநீரில் நுண்ணுயிரை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு மூன்று நாள் கழித்து வந்தாலும், அந்த வருகைக்குரிய கட்டம் முதலாவதே. உள்நோயாளியாக இருக்கும்போதே கட்டம் மாறினால், தொற்று எப்போது ஏற்பட்டதோ அந்தக் கட்டத்தையே கொள்ள வேண்டும். இவற்றுடன் வாரத்தைத் தனியே காட்டும் இசட்3ஏ குறியீடும் சேரும்: 8 வாரத்துக்குக் குறைவென்றால் இசட்3ஏ.01, 12 வாரம் நிறைந்து 13 நிறையவில்லை என்றால் இசட்3ஏ.12. "ஆரம்பக் கர்ப்பம்" என்ற தொடரிலிருந்து இதை எங்களால் எடுக்க இயலாது; வாரமும் நாளும் எண்ணாகவே தேவை.

தொற்றுக்குக் காரணமான நுண்ணுயிர் தெரிந்திருந்தால் அதற்கும் கூடுதல் குறியீடு உண்டு. பெரும்பாலும் காணப்படும் ஈ. கோலைக்கு, அதன் வகை குறிக்கப்படாதபோது, பி96.20, பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு பி95.1. பின்னதில் ஒரு நுணுக்கம் உள்ளது: அந்தக் கிருமி தொற்றை உண்டாக்காமல் உடலில் தங்கியிருக்கிறது என்று மருத்துவர் கருதினால், அது தொற்று அல்ல, ஓ99.820 என்ற தாங்கிநிலை. இரண்டில் எது என்பதை ஆய்வக அறிக்கை சொல்லாது. அறிகுறி ஏதுமின்றிக் கல்ச்சரில் மட்டும் நுண்ணுயிர் தென்படும்போதும் இதே நிலைதான். அறிக்கையில் உள்ள எண்ணிக்கையைப் பார்த்து நாங்களே நோயைத் தீர்மானிப்பது விதிமீறல் என்பதால், மருத்துவரின் ஒரு வரி முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

புறநோயாளிக் குறிப்புகளில் "யூடிஐ இருக்கலாம்" என்று எழுதப்பட்டிருந்தால், அதைத் தொற்றாகக் குறியிடக் கூடாது. அன்றைய அறிகுறியை, எடுத்துக்காட்டாகச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலைக் காட்டும் ஆர்30.0ஐ, கர்ப்பத்துக்குரிய ஓ26.891உடன் சேர்த்து அனுப்புகிறோம். முன்பு வந்து முழுதும் குணமான தொற்றை மீண்டும் ஓ23இல் சேர்ப்பதும் தவறு, அதற்கு இசட்87.440 என்ற கடந்தகால வரலாற்றுக் குறியீடு இருக்கிறது. கருச்சிதைவு முழுமையாக நிகழ்ந்தபின் வரும் சிறுநீர்த் தொற்று ஓ03.88க்குப் போகும், அங்கே இசட்3ஏ குறியீடு சேராது.

இனி அனுப்பும் குறிப்புகளில், தொற்றின் இடம், வருகை நாளன்று கர்ப்பத்தின் வாரமும் நாளும், கல்ச்சர் முடிவு குறித்த மருத்துவரின் கருத்து ஆகிய மூன்றும் மருத்துவரின் மதிப்பீட்டுப் பகுதியிலேயே இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கல்ச்சர் முடிவு பின்னர் வந்தால், அதைத் தேதியிட்ட பிற்சேர்க்கையாக மருத்துவர் பதிவு செய்யலாம். அது வந்து சேரும்வரை அந்தக் கிளெய்மை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதையும் அனுப்பும்போதே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மெடிக்கல் கோடிங் பிரிவு