அவுட் ஆனவன் உள்ளே வரும் வழி

மண்டபம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, மற்றபடி தேவலை. இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதுமாக இருக்கிறார்கள். நாட்டுப்படகுகள் போய் வருவதால் எங்கள் நண்டு கம்பெனி அடியோடு நிற்கவில்லை. வேலை இல்லாத பையன்களுக்குச் சாயங்காலம் ஆனால் கபடிதான். நம் காலத்தில் தெருவிளக்கு அணைந்தால் ஆட்டம் முடிந்தது. இப்போது ஃபோகஸ் லைட் கட்டி, ஃபிளெக்ஸ் வைத்து, மின்னொளி கபடிப் போட்டி என்று ஊருக்கு ஊர் நடத்துகிறார்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீஸ் டீமில் இருக்கும் அந்தப் பையன் செய்த ஒரு தவறால் எல்லோரும் விடிய விடிய உட்கார வேண்டியதாயிற்று என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் உருப்படியான வேலை எதையும் தருவதில்லை, மீட்டிங்கில்கூட அவன் பக்கம் யாரும் திரும்புவதில்லை, இப்போது வேலையை மதிப்பிடும் அப்ரைசல் வந்துவிட்டது, அவனைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். “விளையாட்டு வீரன் மாதிரி யோசி, ஜெயிக்கிற ஆளை மட்டும் வைத்துக்கொள்” என்று உன் மேலதிகாரி சொல்கிறாராம். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது மாப்ள. கபடி ஆடிய எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

நீ எதிரணிக்குள் பாடிப் போகிற ரெய்டர், நான் இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற லெஃப்ட் கார்னர். நீ பாடிப் போய் ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டினால் நமக்கு ஒரு பாயின்ட். ஆனால் அந்தப் பாயின்ட் போர்டில் ஏறுவதோடு நிற்பதில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவன் எழுந்து உள்ளே வருவான். நான் காலைப் பிடித்து எதிரணி ரெய்டரை நிறுத்தினாலும் அதேதான். இதில் இன்னொன்றும் உண்டு. உள்ளே வருவது யார் என்று கேப்டன் முடிவு செய்ய முடியாது. எவன் முதலில் அவுட் ஆனானோ அவன்தான் முதலில் வருவான். நம் டீமின் பெரிய ரெய்டர் மூன்றாவதாக அவுட் ஆகியிருந்தால், அவனுக்கு முன்னால் போன இரண்டு பேரும் உள்ளே வந்த பிறகுதான் அவன் முறை. அதனால் அவனைத் திரும்ப இறக்க வேண்டும் என்றால் சாதாரண ஆட்டக்காரன் இருவரையும் முதலில் மீட்டாக வேண்டும். போனஸ் பாயின்ட்டையும் நினைத்துப் பார். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு வந்தால் ஒரு பாயின்ட் உண்டு. ஸ்கோர் ஏறும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பாயின்ட்டுக்கு யாரும் உள்ளே வர முடியாது. உங்கள் ஆபீஸில் அப்படிப்பட்ட பாயின்ட்டைத்தான் எல்லோரும் தேடி ஓடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். நண்டை ஆவியில் அவித்து ஆறவைத்த பிறகு, நீள மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து சதை எடுப்பார்கள். நீந்துகிற பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு பெரிய சதை இருக்கும். சின்னக் கத்தியால் அதை உடையாமல், முழுசாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் நல்ல விலை. டின்னுக்குள் ஒரு துண்டு ஓடு போய்விட்டால் வாங்குகிறவர் சரக்கையே திருப்பிவிடுவார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் தட்டில் அடிக்கடி ஓடு வந்தது. அவளைச் சதை எடுக்கும் மேசையிலிருந்து எழுப்பி, தட்டு கழுவப் போட்டார்கள். யாரும் திட்டவில்லை; பேச்சு மட்டும் நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

அங்கே ரொம்ப வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருவர், தானாகவே அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். “கண்ணால தேடாத, விரல் நுனியால தேடு” என்று சொல்லி, சதையை விளக்குக்குக் கீழே மெல்லப் பரப்பி, விரலை ஓட்டிக் காட்டினார். அந்த வாரம் அக்காவின் கணக்கு இறங்கிப்போனது. எங்களுக்குக் கூலி கிலோ கணக்கில்தானே! கற்றுக்கொடுத்த நேரத்தில் அவர் எடுத்திருக்கக்கூடிய சதை அவர் கையை விட்டுப் போயிற்று. நான் முதலாளியிடம் போய், கற்றுக்கொடுக்கிற நாளில் அக்காவுக்கு நாள் கூலி போட்டுத்தாருங்கள் என்று கேட்டேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். இன்றைக்கு அந்தப் பெண் எடுக்கும் தட்டை நான் சோதித்துப் பார்க்கும்போது கை நிற்பதே இல்லை, அவ்வளவு சுத்தம்.

நல்ல மனசு உள்ள அக்கா ஒருவர் இருந்ததால் அந்தப் பெண் தப்பித்தாள். அடுத்து வருகிறவளுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று என்ன நிச்சயம்? கபடியில் அவுட் ஆனவன் உள்ளே வருவது யாருடைய கருணையாலும் இல்லை, விதியிலேயே இருக்கிறது. அதனால்தான் அந்த நாள் கூலி விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். உன் பையனோடு உட்கார்ந்து அவன் வேலையைச் சரிபார்க்க ஒரு சீனியர் வந்தால், அந்த நேரத்தையும் அவருடைய வேலைக் கணக்கில் சேர். சேர்க்காவிட்டால் யாரும் வர மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

உன் மேலதிகாரிக்குப் பெரிய ஆட்கள் கதைதான் பிடிக்கும் என்றால் புரோ கபடி லீக்கில் ஆடும் நம் தமிழ் தலைவாஸ் அணியின் கதையைச் சொல். 2019-இல் அஜய் தாக்குர், ராகுல் சௌத்ரி, மஞ்ஜீத் சில்லர் மூன்று பேரும் ஒரே அணியில் இருந்தார்கள். 12 அணிகளில் நமக்குக் கடைசி இடம். 2022-இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். முதல் மேட்சிலேயே அடிபட்டு அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. நான் அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். ஆனால் அந்த வருடம்தான் தலைவாஸ் முதல் தடவையாக பிளேஆஃப் போனது, அரையிறுதி வரை ஆடியது. நரேந்தர் என்ற புதுப்பையன் ரெய்டை ஏற்றுக்கொண்டான். அவனும் பிடிபட்டான்தான். பின்னால் நின்ற டிஃபென்ஸ் ஆள் பிடித்துப் பிடித்து அவனைத் திரும்பக் களத்துக்குக் கொண்டுவந்தது.

மூன்றாவது ரெய்டு விஷயத்தையும் யோசி. ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை பாயின்ட் இல்லாமல் திரும்பினால் அடுத்தது டூ ஆர் டை. அந்த 30 வினாடிக்குள் பாயின்ட் எடுக்காவிட்டால் போனவன் அவுட். அதற்கு யாரை அனுப்புவது என்று கேப்டன் யோசித்து அனுப்புவார். உன் ஆபீஸில் அந்த ராத்திரி வேலைக்கு, சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பையனைத் தனியாக அனுப்பியது யார்? அப்ரைசலில் அந்தக் கேள்விக்கும் ஒரு வரி இடம் கொடு. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உனக்கு மேலே இருப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

விளையாட்டிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போகவும் முடியாது. ஆட்டம் 40 நிமிடம், நடுவில் இடைவேளை, விசில் அடித்தால் முடிந்தது. உங்களுக்கு விசிலே கிடையாது. வருடம் முழுக்க டூ ஆர் டை என்று யாராவது பேசினால் நம்பாதே. முழங்கால் தேய்ந்தவன் சொல்கிறேன்.

கபடியில் ஈரான் நம் இந்திய அணிகளை எப்போது வென்றது என்று போன தடவை கேட்டிருந்தாய். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில்தான் ஈரான் நம் ஆண்கள் அணியை அரையிறுதியில் வென்றது, பெண்கள் அணியை இறுதியில் 27-24 என்று வென்றது. அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். அந்தப் பெண்களோடு பேச அவர் பாரசீகமே கற்றுக்கொண்டார். உன் டீமில் ஆங்கிலம் தடுமாறுகிற பையன்களிடம் நீ தமிழில் பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் பையன் நம் ஜில்லாக்காரன் என்று வேறு எழுதியிருந்தாய்.

ஜூன் முதல் வாரம் இங்கே போட்டி வைத்திருக்கிறார்கள். அக்கா மகன் ஆடுகிறான், அவனும் கார்னர்தான். கையை நீட்டுவதற்கு முன்னால் காலை நகர்த்திவிடுகிறான், சொன்னால் கேட்பதில்லை. நீ வந்து ரெய்டராக நின்று காட்டினால் புரியும். 2022 டிசம்பரில் நின்ற ராமேஸ்வரம் ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஓடுகிறது. தங்கச்சிமடத்தில் உன் மாமியாரைப் பார்க்க இனி பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதில்லை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. டிக்கெட் போட்டதும் சொல். அப்ரைசலில் என்ன எழுதினாய் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்