படகு விடுமுறைக்கு மைலை மட்டும் எண்ணாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் நாரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுற்றுவது பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. "லைசென்ஸ் வேண்டாம், யாரும் ஓட்டலாம்" என்ற வரி உண்மைதான். அந்த வரியை மட்டும் நம்பிக் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் கிளம்புகிறவர்களுக்கு அவசியமான சில விஷயங்கள் அதில் விடுபட்டுவிட்டன.

முதலில் நேரக் கணக்கு. வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது அதைவிட மெதுவாகப் போக வேண்டும். இல்லையென்றால் நம் படகு இழுக்கும் தண்ணீரில் அவர்கள் கயிறு கட்டிய முளையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பயணத்தில் நேரத்தைத் தின்பது லாக். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படகை ஏற்றி இறக்கும் கதவு போட்ட தொட்டி அது. பழகியவர்கள் போடும் கணக்கு எளிது: மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். பலரும் ஆசைப்படும் ஃபோர் கவுன்ட்டீஸ் ரிங் என்ற சுற்றுவழி 110 மைல், 94 லாக். அதாவது 68 மணி நேரம். சனிக்கிழமை மாலை படகு கைக்கு வந்து, அடுத்த சனி காலை திருப்பிக் கொடுப்பதென்றால் நடுவில் முழுதாக ஆறு நாள்தான். தினமும் 11 மணி நேரத்துக்கு மேல் சுக்கானைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். வாடகைப் படகை இருட்டில் ஓட்டவும் கூடாது. முதல்முறை போகிற குடும்பத்துக்கு இது விடுமுறையே அல்ல.

அவர்களுக்கு வேல்ஸின் மான்மத்ஷயர்–பிரெக்கன் கால்வாயைத் தாராளமாகச் சொல்லலாம். 35 மைலுக்கு ஆறே லாக். இன்னொன்று லாங்கோலன் கால்வாய். அதில் சர்க்கிலிருந்து லாங்கோலன் ஊர்வரை லாக்கே இல்லை. வழியில் 1805-இல் திறந்த பொன்ட்கசுல்த்தே தொட்டிப் பாலம் வரும். ஆற்றுக்கு மேலே 126 அடி உயரத்தில் இரும்புத் தொட்டிக்குள் படகு போகும். நடைபாதைப் பக்கம் கம்பித் தடுப்பு உண்டு. எதிர்ப்பக்கம் தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கிறது, அவ்வளவுதான், தடுப்பு கிடையாது. அந்த 300 மீட்டருக்கும் குழந்தைகளைப் படகின் உள்ளேயே உட்கார வையுங்கள். லாங்கோலனை நெருங்கும்போது ஒரு படகு மட்டுமே போகக்கூடிய குறுகல்கள் வரும். எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஒருவரைக் கரையோடு முன்னால் நடந்துபோகச் சொல்லிவிட்டுப் படகை விடுவதே நல்லது.

இனி லாக். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் படகு லாக்கில் கீழே இறங்கும்போதுதான். மேல் கதவின் அடியில் வாசற்படி போல ஒரு கல் திண்டு தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் சில் என்பார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. அது எதுவரை நீட்டியிருக்கிறது என்பதைப் பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு காட்டும். தண்ணீர் வடியும்போது படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தால் சுக்கான் திண்டில் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் மட்டும் தண்ணீரோடு இறங்கும். சில நிமிடத்தில் படகின் முன் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்து, 15 டன் இரும்புப் படகு மூழ்கிவிடும். குறுகிய லாக்குகளில் தொட்டியின் அகலம் சுமார் 7 அடி, படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். பக்கவாட்டில் தப்பிக்க இடமே இல்லை.

ஆகவே வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் படகை முன்னால் நிறுத்தி, தண்ணீர் வடிந்து முடியும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். விண்ட்லஸ் கைப்பிடியால் தண்ணீரை விடும் ஷட்டரைத் திறப்பவர் அதை விட்டு நகரவே கூடாது. பார்வை படகின் மேலேயே இருக்கட்டும். பின்பக்கம் மாட்டிக்கொண்டது தெரிந்தவுடன் கீழ் ஷட்டர்களை மூடுங்கள். அதற்கப்புறம்தான் மேல் ஷட்டரை மெல்லத் திறந்து தொட்டியை நிரப்ப வேண்டும். பதற்றத்தில் பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். கீழே திறந்திருக்கும்வரை மேலே விடுகிற தண்ணீரும் ஓடித்தான் போகும். இறங்கும்போது கயிற்றைக் கட்டையில் இறுக்கிக் கட்டுவதும் இதே அளவு ஆபத்து. தண்ணீர் இறங்க, படகு கயிற்றில் தொங்கும். ஒரு சுற்று மட்டும் போட்டு நுனியைக் கையில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏறும்போது வேறு கவனம். கதவிலேயே இருக்கும் ஷட்டரைத் தொடக்கத்திலேயே திறந்தால் தண்ணீர் அருவியாகப் படகின் முன்பக்கத்தில் கொட்டும். தரையடி ஷட்டர் இருந்தால் அதை முதலில் திறந்து, தண்ணீர் பாதிக்கு மேல் ஏறிய பிறகு மற்றதைத் திறங்கள். படகு சுவரில் இடிக்கப் போகிறதென்று யாரும் காலையோ கையையோ நடுவில் நீட்டக் கூடாது. இடித்தால் பெயின்ட்தான் போகும்.

ப்ரொபெல்லரில் பிளாஸ்டிக் பையோ பழைய துணியோ சுற்றினால் எஞ்சின் முனகும்; புகை தள்ளும்; படகு நகராது. எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பின்தளத்தின் கீழே உள்ள வீட் ஹேட்ச் மூடியைத் திறந்து கையால் எடுக்கலாம். பிளேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திரும்பச் சரியாக இறுக்கினீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அது தளர்ந்திருந்தால் ப்ரொபெல்லர் சுழன்றதும் கால்வாய்த் தண்ணீரை எஞ்சின் அறைக்குள் அடித்து ஏற்றிவிடும். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே நியூட்ரல். ரிவர்ஸ் போட்டால் ப்ரொபெல்லர் அவரைத் தன் பக்கம் இழுக்கும். நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள்.

வசதி விஷயத்தில் இரண்டே சொல்கிறோம். ஆறு பேர் படுக்கலாம் என்றால், அதில் இரண்டு பேருக்கான இடம் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையை இரவில் மடக்கிப் போடும் கட்டில்தான். நான்கு பேருக்கு அந்தப் படகு சரியாக இருக்கும். கழிப்பறையில் கேசட் வகை என்றால், சுமார் 20 லிட்டர் பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். பெரிய தொட்டியுள்ள பம்ப்-அவுட் வகை குடும்பத்துக்கு ஏற்றது.

2025 கோடையில் நீர்த்தேக்கங்கள் வற்றி லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் லாக்குகளை மூட வேண்டியிருந்தது. கால்வாய் மூடல் அறிவிப்புகளை, கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் தன் இணையதளத்தில் போடுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். வழி அடைபட்டால் வேறு ஊரிலிருந்து படகு தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பர்மிங்காம் வாசகர்கள்