‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே கட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை, பதவி உயர்வு, வீட்டுப் பராமரிப்பு பற்றி மக்களோடு சேர்ந்து நடத்தும் ஆய்வுகளைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வுகள் இரண்டில் பதில் சொன்னவளும்கூட. அந்த உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் ஆய்வில் பதினான்கு பக்கக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ‘வேலைக்குப் போகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததால் அப்போதுதான் வேலையை விட்டிருந்தாள். ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இதையே சம்பளத்துக்குச் செய்தவரை அவளுக்கு ‘ஆம்’. வீட்டில் செய்ய ஆரம்பித்ததும் ‘இல்லை’. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் கட்டங்களையே பார்த்தாள். அப்புறம் ‘இல்லை’யில் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்கு 64 நாடுகளில் மட்டுமே ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறதாம். 200 கோடிப் பேர் தினம் எட்டு மணி நேரம் சும்மா உழைப்பதற்குச் சமம். அதில் முக்கால் பங்கு பெண்களுடையது. இப்படிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பால் வேலைச் சந்தைக்கே வராத பெண்கள் உலகம் முழுக்க 60.6 கோடி, ஆண்கள் 4.1 கோடி. அந்த இரண்டு கட்டங்களை வைத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். தாளை அச்சடிக்கும் முன் எங்களில் ஒருத்தியிடம் காட்டியிருந்தால் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்திருக்கும்.

இரண்டாவது ஆய்வு பரவாயில்லை. அதிலும் முதல் கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தார்கள். வேலையைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு வேலையில் இருக்கிறவர்கள் யாருமே வர முடியவில்லை! எப்போதும் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற நாலு பேர்தான் வந்தார்கள். ‘சமூகம்’ என்று அறிக்கையில் எழுதுவது பெரும்பாலும் அந்த நாலு பேரைத்தான். ஆனால் இவர்கள் திருந்தினார்கள். அடுத்த கூட்டம் மாலையில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், எங்கள் நேரத்துக்குச் சம்பளம். அன்றைக்கு அறை நிறைந்துவிட்டது.

அங்கேதான் ஒரு பெண் சொன்னாள்: “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்காதீர்கள். அடுத்த வார ஷிஃப்ட் எப்போது தெரியவரும் என்று கேளுங்கள்.” எங்களுக்கு அது ஞாயிறு இரவு போனில் வரும். அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளையை யாரிடம் விடுவது, அம்மாவை டாக்டரிடம் எப்போது கூட்டிப்போவது என்று யோசிக்கவே முடியும். சம்பள உயர்வைவிட இந்தத் தகவல் மூன்று நாள் முன்னால் கிடைத்தால் போதும் என்று அன்று பலர் சொன்னார்கள். ஆய்வாளர்கள் எதிர்பார்க்காத பதில் அது. முதலாளிக்கும் இதில் நஷ்டமில்லை. 2015–16இல் அமெரிக்காவில் கேப் துணிக்கடைகளில் ஷிஃப்டுகளை நிலையாக்கிச் சோதித்துப் பார்த்தபோது, அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியிருக்கிறது.

பதவி உயர்வு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த படி செவிலியர் உதவியாளர் படிப்பு. வகுப்பு பகல் முழுக்க, வருகைப் பதிவு கட்டாயம். இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் நின்றேன். இரண்டு தடவையும் வீட்டில் அம்மாவைப் பார்க்க ஆளில்லை, படிப்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ‘ஆர்வக் குறைவு’ என்று என் பெயருக்கு எதிரே எழுதியிருப்பார்கள், என்ன செய்வது! கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 2020இலிருந்து பராமரிப்பு வட்டாரங்கள் என்று நடத்துகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவள் பிள்ளையை அங்கேயே வேறொருவர் பார்த்துக்கொள்வார், துணியும் துவைத்துத் தருவார்கள். படிப்பையும் பராமரிப்பையும் தனித்தனித் துறையாகப் பிரித்துவைத்து யோசித்திருந்தால் இது வந்திருக்காது.

எங்களைக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாதிரி எடுப்பது, கணக்குப் போடுவது எல்லாம் படித்தவர்கள் வேலை, எங்களுக்கு அது வராது. ஆனால் முதல் ஆய்வு முடிந்து ஆறு வருடமாகியும் என்ன முடிவு வந்தது என்று யாரும் திரும்ப வந்து சொல்லவில்லை.

அடுத்து இதைப் பற்றிக் கட்டுரையோ கலந்துரையாடலோ ஏற்பாடு செய்தால், கேள்வித்தாளை நிரப்பியவர்களையும் கூப்பிடுங்கள். நான் தயார். எந்த நாள் என்று எவ்வளவு முன்னால் வேண்டுமானாலும் சொல்லுங்கள். வர முடியுமா என்பதை மட்டும் அதற்கு முந்தின ஞாயிறு இரவுதான் என்னால் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பணியாளர்